தானாய் முளைத்த செடிகளை இனங்கண்டு உண்ணும் விஷயம்

மழை விழுந்த பதினைந்து தினங்களுக்குள் கொல்லையிலும், வேலியோரத்திலும், கிணற்றங்கரையிலும், எருக்குழி மேட்டிலும் விதையாமலே முளைக்கும் செடிகொடிகள் அநேகம். அவற்றுட் பல நல்ல கீரைகள். குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை, மணத்தக்காளி, மூக்கிரட்டை, முடக்கத்தான், கோவை முதலியன ஒருவரும் பயிரிடாமலே கிராமத்து அடுப்புகளுக்கு வந்து சேர்வன. எனினும் அதே வேலியில் குன்றிமணியும், அதே குப்பைமேட்டில் ஊமத்தையும், அதே தரிசில் செங்காந்தளும் வளர்கின்றன. இன்னதென்று அறியாத இலையையோ கிழங்கையோ சமைத்து உண்டு குடும்பத்தார் ஒருசேர ஆஸ்பத்திரிக்குச் செல்ல நேரிடுவதும், விளையாட்டாய் விதையைத் தின்ற குழந்தைகள் வாந்தியெடுத்து மயங்கி விழுவதும் இன்றும் நின்றபாடில்லை. "இதைத் தின்னலாமா?" என்ற கேள்வி பெரும்பாலும் ஊரில் அனுபவமுள்ள விவசாயியிடமோ, கிராம அதிகாரியிடமோதான் முதலில் வருகிறது. அவர்கள் சொல்லும் விடை சில சமயங்களில் உயிரைப் பற்றியதாகையால், இவ்விஷயத்தைச் சற்று விரிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலாவது மனத்திற் கொள்ள வேண்டியது யாதெனில், பெயர் தெரியாத ஒரு செடி விஷமுள்ளதா அல்லவா என்று வீட்டில் சோதித்து அறிவதற்குப் பொதுவான சோதனை ஒன்றும் கிடையாது. செடி இன்னதென்று ஐயமின்றி அறிவதொன்றே வழி. இவ்வாறிருக்க, ஜனங்கள் வழிவழியாய் நம்பிவரும் சோதனைகள் பல உள. பறவை தின்றால் மனிதனும் தின்னலாம் என்பது அவற்றுள் ஒன்று. எட்டிப்பழத்தின் சதையை இருவாசிப் பறவைகளும் குரங்குகளும் உண்ணும். அதன் விதையோ உடலை வில்லாய் வளைத்து இழுப்புண்டாக்கிக் கொல்வது. வேப்பம்பழம் காகத்திற்கு விருப்பமான உணவு. வேப்பெண்ணெயைச் சங்கில் ஊற்றிக் கைக்குழந்தைகளுக்குப் புகட்டியதால் வலிப்புக் கண்டு குழந்தைகள் இறந்ததுண்டு. ஆடு கடிப்பதை வைத்துத் தீர்மானிப்பதும் இத்தகையதே. வெள்ளாடு எருக்கிலையைக்கூடக் கடிக்கும். ஆடு தொடாத காரணத்தால் அப்பெயர் பெற்ற ஆடாதோடையையோ மக்கள் இருமலுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள். அந்தந்த ஜந்துவின் குடலும் ஈரலும் வெவ்வேறு விதமாய் அமைந்திருத்தலின், ஒன்றற்கு உணவானது மற்றொன்றற்கும் உணவாகும் என்று கொள்ள இடமில்லை.

வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், சோறு நிறம் மாறினால் விஷம் என்பன வெறுங்கதைகள். காளான் விஷயத்தில் இவற்றை நம்புவது மிகவும் கேடானது. கசப்பானது மருந்தாகையால் தீங்கில்லை என்பாரும், கசப்பில்லாதது விஷமன்று என்பாரும் உளர். இரண்டும் பிழை. காட்டாமணக்கு விதையின் பருப்பு வேர்க்கடலை போல ருசியாகவே இருக்கும். சிறிது நாவில் வைத்துப் பார்த்து, ஒரு நாழிகை கழித்தும் ஒன்றும் நேராவிடில் உண்ணலாம் என்ற வழக்கம் எல்லாவற்றினும் அபாயமானது. ஏனெனில், மெதுவாய் வேலை செய்யும் விஷங்கள் பல. செங்காந்தட் கிழங்கை உண்டவனுக்குச் சில மணி நேரம் ஒன்றுமே தோன்றாது. ஆமணக்கு, குன்றி ஆகியவற்றின் விதையை மென்றவனுக்கு ஒரு பகல் கழிந்தபின்னும் உபாதை தொடங்கலாம்.

பெயரால் வரும் மயக்கம்

இனங்காண்பதில் முதல் இடையூறு பெயர்களே. வள்ளி என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோர் இதை எளிதில் உணர்வர். வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று யாதொரு உறவும் இல்லாத மூன்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. முதலாவது சுற்றிப் படரும் கொடி; இரண்டாவது தரையிற் படர்வது, ஊதாநிறப் புனல் போன்ற பூவுடையது; மூன்றாவது ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்த குற்றுமரம். ஒன்றைச் சமைக்கும் முறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. அகத்தியைக் கீரையாக உண்பவர், பெயரொற்றுமை பற்றிச் சீமை அகத்தியையும் சமைக்கப் புகுந்தால் கடும்பேதிக்கு ஆளாவர். பின்னது படர்தாமரைக்குப் பூசும் இலை. அகத்தியின் ஈர்க்கில் மிகப் பல சிறிய இலைகள் நெருங்கியிருக்கும். சீமை அகத்தியிலோ ஏறக்குறையப் பத்து ஜோடிப் பெரிய, நுனி மழுங்கிய இலைகளும், மெழுகுவர்த்தி போல நிமிர்ந்த மஞ்சள் பூங்கொத்தும் காணப்படும்.

இதற்கு மாறாக, ஒரே செடி ஊருக்கு ஒரு பெயர் கொள்வதும் உண்டு. மணத்தக்காளி என்றும், மிளகுதக்காளி என்றும், சுக்குட்டிக்கீரை என்றும் வழங்குவது ஒன்றே. ஆகையால் பக்கத்து ஜில்லாவிலிருந்து வந்த ஒருவர் ஒரு பெயரைச் சொல்லி நல்ல கீரை என்றால், அவர் ஊரில் அப்பெயர் எச்செடிக்கு வழங்குகிறது என்று கண்ணால் கண்டபின்பே அதை ஏற்க வேண்டும். கிராமங்களில் கீரை பறித்து விற்கும் மூதாட்டிகளின் அறிவு மிக நுட்பமானது. அதை இகழ்வது அறிவீனமாகும். ஆனால் அவ்வறிவு அவர்கள் பிறந்து வளர்ந்த நிலத்துச் செடிகளைப் பற்றியது. அவர்களே வேறு சீமைக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள காட்டில் தம் ஊர்க்கீரையை ஒத்த ஒன்றைக் காணும்போது ஏமாறுதல் கூடும். பஞ்ச காலங்களிலும், பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்த காலங்களிலும் இத்தகைய விபத்துக்கள் மிகுவதற்கு இதுவே காரணம்.

தாவர சாஸ்திரிகள் ஒவ்வொரு செடிக்கும் இரு சொற்களாலான லத்தீன் பெயர் ஒன்றை வைத்து வழங்குவது இம்மயக்கத்தை நீக்குதற்பொருட்டேயாம். சுவீடன் தேசத்து லின்னேயஸ் என்பவர் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் முதல் இம்முறை நிலைபெற்றது. அப்பெயரை விவசாயி மனனம் செய்ய வேண்டுவதில்லை. ஒரு செடியைப் பற்றி வைத்தியரோ வேளாண்மை அதிகாரியோ பேசும்போது, இருவரும் ஒரே செடியைத்தான் குறிக்கின்றனர் என்பதற்கு அது சாட்சியாகும்.

கிழங்குகள்

கீரையை விடக் கிழங்கினால் வரும் அபாயம் பெரிது. கிழங்கைத் தோண்டும் காலத்தில் பெரும்பாலும் கொடி பட்டுப்போயிருக்கும். இலையும் பூவும் இன்றி வெறுங் கிழங்கை வைத்து இனம் அறிவது பழகியவர்க்கும் அரிது.

செங்காந்தள் இதற்குச் சிறந்த உதாரணம். தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்கும் இக்கொடி வேலிகளில் தானே வளர்வதுமன்றி, திண்டுக்கல், கரூர், திருப்பூர் முதலிய ஜில்லாக்களில் விதைக்காகப் பெருமளவில் சாகுபடியும் செய்யப்படுகிறது. அதன் விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்சிசின் என்னும் சத்து, கீல்வாதத்தில் ஒருவகைக்குச் சிறந்த மருந்து. அச்சத்தே கிழங்கிலும் உள்ளது. மருந்தின் அளவு மீறினால் அதுவே நஞ்சு. கலப்பையைப்போல் வளைந்தோ கவைத்தோ இருத்தலால் இதற்குக் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் உண்டு. வெட்டினால் உள்ளே வெண்மையாய், வள்ளிக்கிழங்கு போன்றே தோன்றும். இலங்கையில் இதை வள்ளிக்கிழங்கென்றும் சர்க்கரைவள்ளியென்றும் மயங்கி உண்டவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் குறிப்பிட்டிருக்கின்றன. உண்ட சில மணி நேரத்திற்குப்பின் வாந்தியும் பேதியும் கடுமையாய்த் தொடங்கும். அவை தணிந்து நோயாளி தேறிவிட்டார் என்று உறவினர் எண்ணும் இரண்டாம், மூன்றாம் நாளில் இரத்தமும், சிறுநீரகமும், இருதயமும் கெடத் தொடங்கும். பிழைத்தவர்க்கும் ஒன்றிரண்டு வாரங்களில் தலைமயிர் உதிர்வதுண்டு. வேகவைப்பதால் இந்நஞ்சு நீங்குவதில்லை.

கொடி பசுமையாயிருக்கும்போது இதனை அறிவது மிக எளிது. செங்காந்தள் இலையின் நுனி நீண்டு, பற்றுக்கம்பி போலச் சுருண்டு, அருகிலுள்ள செடியைப் பற்றிக்கொண்டிருக்கும். வள்ளிக்கொடியின் இலை இதய வடிவினது. அடியிலிருந்தே பல நரம்புகள் புறப்பட்டு நுனியை நோக்கி வளைந்து செல்லும். கொடியின் தண்டே கொம்பைச் சுற்றி ஏறும். இலைநுனி எதையும் பற்றாது. சர்க்கரைவள்ளியின் தண்டை ஒடித்தால் பால் வடியும். செங்காந்தள் பயிரிடுவோர், நடவுக்குரிய கிழங்குகளைச் சமையல் கிழங்குகள் இருக்கும் அறையில் வையாமல் தனியே பூட்டி வைத்தல் வேண்டும். அறுவடைக்கு வரும் கூலியாட்களுக்கும், அவர்களுடன் வரும் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிவைப்பது நிலத்துக்குடையவரின் பொறுப்பு.

வள்ளியினத்திலும் எல்லாம் உண்ணத்தக்கவையல்ல. காட்டுவள்ளிகளிற் சில கடும் நஞ்சுடையவை. மலைவாழ் மக்களிற் சிலர் அவற்றை மெல்லியதாய்ச் சீவி, ஓடும் நீரில் பல தினங்கள் ஊறவைத்து, அதன்பின் சமைத்துண்பர். அவர்கள் உண்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்முறை அறியாதோர் கிழங்கை மாத்திரம் தோண்டிவந்து அவித்துண்பது விபரீதமாய் முடியும்.

மரவள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனை ஊக்குவித்தபின் அச்சீமையில் அது ஏழைகளின் உணவாயிற்று. சேலம் பிரதேசத்திலோ ஜவ்வரிசிக்கும் மாவுக்கும் பயிராகிறது. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு திடீரெனச் சாவதை விவசாயிகள் அறிவர். அங்குள்ள நஞ்சே மரவள்ளியிலும் உள்ளது. நசுக்கியதும் சயனைடு என்னும் கொடிய பொருள் வெளிப்படுகிறது. தோலில் மிகுதி, சதையில் குறைவு. ஆலைக்கென வளர்க்கப்படும் கசப்பு இரகங்களிலும், வறட்சியில் வாடிய பயிரிலும் இது கூடுதலாயிருக்கும். ஆகையால் எந்த இரகமென்று தெரியாமல் வரப்பிலோ கொல்லையிலோ நிற்கும் மரவள்ளியைப் பச்சையாகவோ, சுட்டோ உண்ணலாகாது. தோலை முற்றும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி நீரில் ஊறவைத்து, மிகுந்த நீரில் வேகவிட்டு, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். துண்டு கசந்தால் எறிந்துவிடுவதே உத்தமம். பச்சைத் தோலையும் இலையையும் ஆடுமாடுகளுக்குப் போடுதலும் தவறு.

நெருப்பினால் நீங்குவதும் நீங்காததும்

வேகவைத்தால் எவ்விஷமும் போய்விடும் என்ற எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. இதிற் சிறிது உண்மையுண்டு. அதனாலேயே இது அபாயமானது. சேம்பு, கருணை, சேனை இவற்றின் காறல், கண்ணுக்குப் புலப்படாத ஊசி போன்ற படிகங்கள் நாவிலும் தொண்டையிலும் குத்துவதால் உண்டாவது. நெடுநேரம் வேகவைத்துப் புளி சேர்ப்பதால் அது தணியும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, வீட்டு வாயிலில் தொட்டியில் வைக்கும் அகன்ற புள்ளி இலைச் செடிகளிலும் இவ்வூசிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் தண்டைக் கடித்த குழந்தைக்கு நாக்கு வீங்கிப் பேச்சும் சில சமயம் மூச்சும் தடைப்படும். மொச்சை, அவரையினங்களின் முற்றிய விதைகளிலுள்ள தீங்கான சத்து, நன்கு கொதிக்கவைத்தால் அழிந்துவிடும். அரைவேக்காடாய் உண்டால் வயிற்றைக் கலக்கும்.

ஆனால் அரளியின் நஞ்சு கொதிநீரில் இறங்கிக் கஷாயத்தோடு கலக்குமேயன்றி ஒழியாது. செவ்வரளியாயினும் மஞ்சளரளியாயினும், இலை, பூ, பட்டை, வேர், விதை யாவும் இருதயத்தின் துடிப்பைக் குலைப்பன. நெடுஞ்சாலைகளின் நடுவிலும், பள்ளிக்கூட வேலிகளிலும் இவை அழகுக்காக நடப்பட்டிருக்கின்றன. மஞ்சளரளியின் முக்கோண வடிவான காயைக் குழந்தைகள் உடைத்து விளையாடுவது வழக்கம். பள்ளி வளாகத்திலாவது இம்மரங்களை நீக்கிவிட்டு வேறு நிழல்மரம் வைப்பது நன்று.

ஒரே செடியில் ஓருறுப்பு உணவாயும் மற்றோருறுப்பு நஞ்சாயும் இருப்பதும் கவனிக்கத்தக்கது. குன்றிக்கொடியின் இலை அதிமதுரம் போல் இனிக்கும். கிராமத்துச் சிறுவர் அதை மெல்வதுண்டு. சிவப்பில் கறுப்புப் பொட்டுடைய அதன் விதையோ மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. தோல் உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, மாலை கோப்பதற்குத் துளையிட்ட விதையை விழுங்கினாலோ உயிருக்கு மோசம். ஆமணக்கு விதையின் நஞ்சு எண்ணெயில் இறங்காமல் புண்ணாக்கில் தங்குகிறது. அதனாலேயே எண்ணெய் மருந்தாகவும், புண்ணாக்கு எருவாக மாத்திரமும் பயன்படுகின்றன. உருளைக்கிழங்கு நல்லுணவு, வெயில் பட்டுப் பச்சைநிறம் ஏறிய பாகமும் முளையும் நீக்கத்தக்கன.

சுரையும் பீர்க்கும்

எருக்குழியருகே தானாய் முளைத்த சுரைக்கொடி காய்த்தால் அதை வீணாக்க எவருக்கும் மனம் வராது. சுரை, பீர்க்கு, வெள்ளரி இவற்றில் கசப்பைத் தரும் சத்து ஒன்றுண்டு. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு முதலிய காட்டினங்களில் அது மிகுதி. தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி எடுத்த விதைகளால் தோட்ட இனங்களில் அது நீங்கியிருக்கிறது. காட்டினத்தின் மகரந்தம் கலந்த காயின் விதை விழுந்து முளைத்தால், அடுத்த தலைமுறைக் கொடியில் அக்கசப்பு திரும்பி வரலாம். கொடியும், பூவும், காயும் பார்வைக்கு நல்ல சுரையாகவே இருக்கும். ஆகையால் இங்கே இனமறிதல் மாத்திரம் போதாது.

கசப்புச் சுரையின் சாற்றைக் குடித்தவர்கள் சில நிமிஷங்களுக்குள் இரத்தவாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, சிலர் இறந்ததும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு இதை ஆராய்ந்து, சாறு பிழியுமுன் சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்கவேண்டுமென்றும், கசந்தால் முழுதும் எறிந்துவிட வேண்டுமென்றும் 2011-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. சமைப்பதாலும் இக்கசப்பு நீங்காது. அறியாத செடியை நாவில் வைத்துச் சோதிப்பது கூடாதென்று மேலே கூறப்பட்டது. அறிந்த சுரைக்காயின் நுனியில் ஒரு துளி நாவிற் பட்டதும் உமிழ்ந்துவிடுவது அதற்கு முரணன்று. இங்கே தேடுவது இன்னதென்று முன்பே தெரிந்த ஒரு குணத்தை. பாகற்காயின் கசப்பு இயல்பானது. அதைக்கொண்டு சுரையின் கசப்பைப் பொறுத்துக்கொள்ளலாகாது. தானாய் முளைத்த கொடியிலிருந்து விதைக்கு விடுவதும் தவிர்க்கத்தக்கது.

கீரைகளும் விதைகளும்

கீரைகளுள் முளைக்கீரையின் குடும்பம் நம்பத்தக்கது. பாலில்லாத தண்டு, மாறிமாறி அமைந்த இலை, பசுமையான சிறுபூக்கள் நெருங்கிய கதிர், பளபளக்கும் சிறு கறுப்பு விதை என்பன அதன் அடையாளங்கள். முள்ளுக்கீரையில் இலைக்கணுவில் இரண்டு முட்கள் இருக்கும். குப்பைக்கீரையில் முள் இல்லை, இலைநுனி சற்றுப் பிளந்திருக்கும். பருப்புக்கீரையைப் பறிப்போர் அதனுடன் தரையிற் படரும் அம்மான் பச்சரிசி வகைகளைச் சேர்த்துவிடாமல் கவனிக்க வேண்டும். பருப்புக்கீரையின் இலை தடித்து நீர்ப்பசையுள்ளது, பூ மஞ்சள். தண்டை ஒடித்தால் நீர்தான் வரும். பால் வந்தால் அது வேறு செடி. பாலுள்ள செடியெல்லாம் விஷம் என்று இதனாற் கொள்ளலாகாது. பலாவும், பப்பாளியும், அத்தியும் பாலுள்ளனவே.

குடும்பத்தை அறிவதும் ஓரளவுக்கே உதவும். கத்தரி, தக்காளி, மிளகாய், மணத்தக்காளி இவற்றின் குடும்பத்திலேயே ஊமத்தையும் இருக்கிறது. கீரைக்கட்டில் ஊமத்தையின் இளந்தளிர் கலந்துவிடுதல் உண்டு. அதன் இலை அடிப்பாகத்தில் ஒருபுறம் இறங்கியும் ஒருபுறம் ஏறியும் இருக்கும். கசக்கினால் துர்நாற்றம் வீசும். காய் முட்கள் நிறைந்த உருண்டை. உண்டவருக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, உடல் சூடேறிச் சிவந்து, பிதற்றல் உண்டாகும். பேய் பிடித்ததென்று கருதி மந்திரிப்பவரிடம் அழைத்துச் சென்று நேரத்தை வீணாக்கியதும் உண்டு.

விதைகளைப் பற்றி இரண்டு கூறவேண்டும். 2003-ஆம் ஆண்டை ஒட்டி, எண்ணெய் எடுத்து எரிபொருளாக்கும் நோக்கத்துடன் காட்டாமணக்கு பயிரிடத் தேசமெங்கும் ஊக்கமளிக்கப்பட்டது. அம்முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. செடிகள் மாத்திரம் தரிசுகளிலும் வேலிகளிலும் நின்றுவிட்டன. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவ்விதையைக் கடலையென்று பகிர்ந்து தின்று, பலர் ஒருங்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. பராமரிப்பின்றி விடப்பட்ட இத்தகைய தோப்பு கிராம எல்லையில் இருப்பின், அதிகாரிகள் பள்ளி ஆசிரியர்க்கு அறிவிப்பது நலம். இரண்டாவது, பிரமதண்டு. வெண்ணரம்பு ஓடிய முள்ளிலையும், மஞ்சள் பூவும், ஒடித்தால் மஞ்சட் பாலும் உடைய இக்களையின் விதை கடுகு போன்றது. உற்றுநோக்கினால் மேற்புறம் வலை போலக் குழிந்திருக்கும். இவ்விதையின் எண்ணெய் கடுகெண்ணெயிற் கலந்ததால் 1998-ஆம் ஆண்டு டில்லியில் கால் வீக்கமும் இருதயக் கோளாறுமாய்ப் பரவிய நோயில் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடுகு விளையும் நிலத்தில் இக்களையைப் பூக்குமுன் பிடுங்கிவிட வேண்டும்.

செடி நல்லதாயிருந்தும் இடத்தால் கெடுவதும் உண்டு. பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளித்த வயலின் வரப்பிலும், சாக்கடை நீர் பாயும் நிலத்திலும் முளைத்த கீரையைப் பறிக்கலாகாது. மருந்து தெளித்தவர் கீரை பறிக்க வருவோர்க்கு அதைச் சொல்லாமல் இருப்பது பெரும் பிழை.

விபத்து நேர்ந்தால்

விஷச்செடி உண்டதாக ஐயம் எழுந்தவுடன் 108-க்குத் தொலைபேசியில் அறிவித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதே முதற்காரியம். உபாதை தோன்றட்டும் என்று காத்திருத்தல் கூடாது. உப்புநீர், சாணிக்கரைசல் முதலியன புகட்டி வாந்தியெடுக்கச் செய்யும் பழைய வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். அறிவு மயங்கியவருக்கு வாந்தி மூச்சுக்குழலிற் புகுந்து, விஷம் கொல்லுமுன் அதுவே கொன்றுவிடும். வாயிலுள்ள மிச்சத்தை விரலால் அகற்றி, நீரால் கொப்பளிக்கச் செய்யலாம். உண்ட செடியின் கிளையையும், காய் கிழங்கு முதலியவற்றையும், சமைத்ததில் மிஞ்சியதையும் உடன் கொண்டுபோதல் வைத்தியர்க்கு மிக்க உதவியாகும். உண்ட நேரம், அளவு, உடன் உண்டவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே பானையில் உண்டவர்களில் இன்னும் நோய் காணாதவரும் பார்க்கப்படவேண்டியவரே. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1995 முதல் நடைபெறும் தேசிய விஷத் தகவல் மையம், தொலைபேசியில் வினவும் வைத்தியர்க்கு இரவும் பகலும் விடை கூறுகிறது.

மாதிரி அனுப்பும் முறை

ஐயமுள்ள செடியை உண்ணாமல், அதை அறிந்துகொள்ள விரும்புவோர் மாதிரி எடுத்து அனுப்பலாம். ஓர் இலையை மாத்திரம் அனுப்புவதில் பயனில்லை. பூவும் காயும் கூடிய ஒரு முழங்கிளை வேண்டும். சிறு செடியானால் வேரோடு பிடுங்கி மண்ணை உதறிக்கொள்ளலாம். பூ இல்லாத காலமாயின், வேலியில் அடையாளமிட்டுப் பூக்கும் வரை பொறுத்திருப்பதே சரி. கிளையைப் பழைய செய்தித்தாள்களினிடையே பரப்பி, சில இலைகளின் அடிப்புறம் தெரியும்படி திருப்பிவைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றி, தினந்தோறும் தாளை மாற்றிவந்தால் ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். பிளாஸ்டிக் பையிலிட்டால் அழுகிப்போகும். கைப்பேசியாற் படம் பிடித்துப் பெயர் கேட்கும் வசதி இப்பொழுது உண்டு. செடியின் குடும்பத்தை ஊகிக்க அது உதவலாம். ஆயினும் அது ஒத்த தோற்றமுள்ள இரு செடிகளை மாற்றிச் சொல்லக்கூடும். ஆகவே அதன் சொல்லை நம்பி ஒன்றைச் சமைக்கலாகாது.

உலர்ந்த மாதிரியை அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையம், வேளாண்மைக் கல்லூரி, அல்லது கல்லூரித் தாவரவியல் பகுதிக்கு அனுப்பலாம். கோயமுத்தூரில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல நிலையத்தில் பழைய சென்னை மாகாணத்துச் செடிகளின் உலர் மாதிரிகள் காக்கப்பட்டு வருகின்றன. காம்பிள் தொடங்கி 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாய் வெளிவந்த சென்னை மாகாணத் தாவர நூலுக்கு ஆதாரமான தொகுப்புகளில் அதுவும் ஒன்று. திருச்சிராப்பள்ளியில் தூய வளனார் கல்லூரியின் தாவரத் தொகுப்பு நிலையமும் உளது. களைகளை மாத்திரம் அறிய விரும்புவோர்க்கு, சென்னை அரசாங்க அச்சுக்கூடம் 1932-இல் வெளியிட்ட தென்னிந்தியக் களைகளைப் பற்றிய கைநூல் படங்களுடன் இன்றும் பயன்படுவது.

மாதிரியுடன் ஒரு தாளில் எழுதவேண்டிய குறிப்புகள் உண்டு. கிராமம், தாலூகா, பறித்த தேதி. செடியா, கொடியா, மரமா என்பதும் அதன் உயரமும். நஞ்சையோரம், தரிசு, குப்பைமேடு முதலியவற்றுள் முளைத்த இடம். உலர்ந்தால் மாறிவிடுமாகையால் பூவின் நிறமும் வாசனையும். ஒடித்தால் பாலோ நீரோ, அதன் நிறம் யாது என்பது. கிழங்கிருந்தால் அதன் வடிவும் உட்புற நிறமும். அவ்வூரில் வழங்கும் பெயர். கால்நடை மேய்கிறதா, எவரேனும் உண்கிறார்களா, மருந்தாகப் பயன்படுத்துகிறார்களா என்பதும் எழுதப்பட வேண்டும். அதே எண்ணிட்ட மற்றொரு கிளையை அனுப்பியவர் தம்மிடம் வைத்துக்கொண்டால், விடை வந்தபின் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.